அற்புதம் நடந்ததா என்று பார்க்காதீர்கள், போதனையைப் பாருங்கள்

ஒரு போதகர் சொன்ன தீர்க்கதரிசனம் பலித்தது, அவர் ஜெபித்ததும் காய்ச்சல் விட்டது, ஆகவே அவர் தேவ மனுஷர்தான் என்று நம்மில் பலர் முடிவுகட்டிவிடுகிறோம். வேதம் இந்த அளவுகோலை ஏற்கவே இல்லை. உபாகமம் 13-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை வாசியுங்கள். சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், வேறு தேவர்களிடம் அழைக்கிறவனுக்குச் செவிகொடாதே என்கிறது. மத்தேயு 7:22-இல் பிசாசுகளைத் துரத்தினவர்களும் அற்புதங்கள் செய்தவர்களும்தான் ஆண்டவரால் தள்ளப்படுகிறார்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது, இரட்சிப்புக்குப் போதகர் என்ன நிபந்தனை போடுகிறார் என்பது. ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்ற எபேசியர் 2:8-ஐ எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அடுத்த வாக்கியத்தில்தான் பலர் பிடிபடுவார்கள்: எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தால்தான், இத்தனை நாள் உபவாசம் முடித்தால்தான். கலாத்தியா சபைகளில் குழப்பம் செய்தவர்களும் கிறிஸ்துவை வேண்டாம் என்று சொல்லவில்லை. கிறிஸ்துவோடு யூதச் சடங்கான விருத்தசேதனத்தையும் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதற்கே அப்போஸ்தலனாகிய பவுல், வானத்திலிருந்து வருகிற தூதன் வேறு சுவிசேஷத்தைச் சொன்னாலும் சபிக்கப்பட்டவன் என்று எழுதினார். நற்கிரியை வேண்டாமா? எபேசியர் 2:10 பதில் சொல்கிறது: இரட்சிக்கப்பட்டவன் அதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டவன். கிருபை இருக்கிறது, எப்படியும் வாழலாம் என்பவரும் கள்ளப் போதகர்தான் (தீத்து 2:11, 12).

அடுத்தது பணம். ‘பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்’ என்று சொல்லி விதைப்புக் காணிக்கை கேட்கிறார்களே, அது 2 கொரிந்தியர் 9:6. அந்த வசனத்தை மட்டும் வாசித்தால் ஏமாந்துபோவீர்கள். 8, 9 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அந்தப் பணம் எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்கானது. பவுலின் செலவுக்கு அதில் ஒரு காசும் கேட்கப்படவில்லை. அதை ஆயத்தப்படுத்த, தன் உடன் ஊழியரான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று காரணமும் சொல்கிறார் (8:20). அப்போஸ்தலனே பணத்தைத் தனியாகக் கையாள விரும்பவில்லை. கணக்கு கேட்டால் கோபப்படுகிற ஊழியக்காரரை இதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இப்படிக் கணக்கு கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆதி சபையின் கைநூலான ‘டிடாக்கே’ இன்னும் கண்டிப்பானது. ஊர் ஊராக வருகிற ஊழியக்காரர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் வாங்கலாம், பணம் கேட்கக் கூடாது. ஆவியில் பேசுகிறேன் என்று தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம். இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம்.

கூட்டத்துக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப்போங்கள். சொன்ன வசனங்களைக் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தையே இப்படித் தினந்தோறும் ஆராய்ந்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பெயரும் வாங்கினார்கள் (அப்போஸ்தலர் 17:11).

‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று உங்கள் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். சங்கீதம் 105:15 ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களைக் கடிந்துகொண்ட வசனம். பிரசங்கத்தைச் சோதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தியோகியாவில் அப்போஸ்தலனாகிய பேதுருவே யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, அது சுவிசேஷத்துக்கே விரோதம் என்று கண்ட பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாக அவரைக் கடிந்துகொண்டார்.