மதுரை, தஞ்சை, நெல்லை எல்லாம் சரி, தருமபுரி எங்கே?

போன வாரம் கிருஷ்ணகிரி நண்பர் ஒருவர், "இந்த ரெண்டு மூணு வருஷத்துல வந்த படம், சீரியல் பத்தி ஒரு பதிவு போடுங்கண்ணா" என்று கேட்டார். நட்சத்திரம் போட்டு மார்க் கொடுப்பதில் எனக்கு விருப்பம் கிடையாது. ஆனால் பிடித்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் எல்லாமே ஏதோ ஒரு ஊரை உள்ளிருந்து அறிந்தவர்கள் எடுத்தவை என்று தெரிந்தது. அதை யோசிக்க யோசிக்க ஓர் ஏக்கமும் கூடவே வந்துவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெய்யழகன். 2024 செப்டம்பரில் வந்த படம். சொத்துத் தகராறில் ஊரை விட்டுப் போன அருள்மொழி, தங்கை கல்யாணத்துக்காகப் பல வருடம் கழித்து நீடாமங்கலம் வருகிறார். அப்புறம் ராத்திரி முழுக்க அவரும் அங்கே சந்திக்கும் கார்த்தியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அருள்மொழி விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் கார்த்தியின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதையைக் கேட்கும்போது அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமியின் முகத்தைப் பாருங்கள். தன்னோடு இத்தனை பாசமாகப் பேசுகிறவன் பெயரே தனக்குத் தெரியவில்லையே என்ற கூச்சம் அந்த முகத்தில் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போகும். படம் வந்த சில நாளிலேயே நீளம் என்று சொல்லி 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான். பேச்சுதான் அந்தப் படமே. அதில் கையை வைத்தால் என்ன மிஞ்சும்? இயக்குநர் பிரேம்குமார் அந்த மண்ணை எவ்வளவு நேசிக்கிறார் என்பது, வெட்டியது போக மீதி இருக்கிற படத்திலும் தெரிகிறது.

அதே மாதம் வந்தது லப்பர் பந்து. தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். கிரிக்கெட் விளையாடப் போன புருஷன் மேல் உள்ள கோபத்தில் யசோதா டிராக்டரை ஓட்டிவந்து பிட்ச்சை உழுதுபோடும் காட்சிக்குத் தியேட்டரில் பெண்கள்தான் அதிகம் கைதட்டினார்கள். ஆனால் என்னை உலுக்கியது வேறு இடம். நன்றாக ஆடுகிற அன்புவை சாதியைக் காரணம் வைத்து டீமில் சேர்க்காமல் ஒதுக்குகிறார்களே, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்வையாலேயே முடித்துவிடுகிறார்கள். 2012 நவம்பரில் சாதிவெறியில் தலித் மக்களின் நத்தம் காலனி எரிந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டு எழுந்து வர முடியாது. எந்த ஊர்க் கிரவுண்டுக்குப் போனாலும் அந்தப் பார்வை இருக்கிறது. இவ்வளவு கனமான விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, கடைசியில் எல்லோரையும் தலைகுனிய வைத்த இயக்குநருக்கு என் வணக்கம்.

கொட்டுக்காளி பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குத் தெரியும். பின்னணி இசையே கிடையாது, முடிவையும் நம்மிடமே விட்டுவிடுகிறது. எனக்கு அந்த ஆட்டோவும், கட்டிவைத்த சேவலும், சூரியின் கட்டிப்போன தொண்டையும் இன்னும் மறக்கவில்லை. மகாராஜா புத்திசாலித்தனமான திரைக்கதை, விஜய் சேதுபதி அருமை. ஆனால் முடிச்சு அவிழ்ந்ததும் என்னைப் பொறுத்தவரை அந்தப் படம் முடிந்துவிட்டது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

மதுரைக்கு எத்தனை படம்! கோவைக்கு, நெல்லைக்கு, வடசென்னைக்கு எத்தனை! தருமபுரி, கிருஷ்ணகிரி என்றால் திரையில் என்ன வரும்? ஒகேனக்கலில் ஒரு பாட்டு, பரிசலில் ஒரு சுற்று. இல்லாவிட்டால் வீரப்பன். 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கத்தில் ஆம்புலன்சில் வைத்து அவர் கதை முடிந்ததிலிருந்து, வெளியூர்க்காரர்கள் நம் மாவட்டத்தின் பெயரைக் கேட்டாலே அதைத்தான் கேட்கிறார்கள். 2023இல் மட்டும் இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன. நெட்ஃபிளிக்ஸில் நான்கு பாகமாக வந்த 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' நேர்த்தியானது. ஆனால் தலைப்பிலேயே வேட்டை இருக்கிறது, தொடரும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. ஜீ5இல் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்' அவ்வளவு பளபளப்பு கிடையாது. இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். நக்கீரன் எடுத்த பழைய வீடியோக்களில் அந்த மனிதரே பேசுகிறார். தேடுதல் வேட்டை என்ற பெயரில் அடிபட்ட மலைக்கிராமத்துச் சனங்களும் பேசுகிறார்கள். துப்பாக்கி வைத்திருந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் பேச்சு இன்னும் நிறைய வேண்டும்.

இதைச் சொல்லும்போது விடுதலை படத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெற்றிமாறனின் முதல் பாகத்தில் ஊர்ப் பெண்களைப் பிடித்துவந்து முகாமில் செய்யும் கொடுமையைப் பார்த்தபோது, இங்கே தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் "வாச்சாத்தி" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து உள்ளே போனார்கள். சனங்களை ஆலமரத்தடியில் கூட்டிவைத்து அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று சொன்னது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார்.

நம் சினிமா இந்த மாதிரிக் கதையைத் தொட்டால் அந்த ஒரு நாளைத்தான் எடுக்கிறது. கொடுமையை விலாவாரியாகக் காட்டுகிறது, பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கிறது, படம் முடிகிறது. எனக்கு அடுத்த பத்தொன்பது வருடம் வேண்டும். கூலி வேலைக்குப் போகிற பெண்கள், வாய்தா நாளில் அந்த நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி தருமபுரி கோர்ட்டுக்கு வந்து, தங்களைச் சீரழித்தவன் எதிரிலேயே நின்று, கேட்கக் கூடாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, திரும்பப் போய் அடுப்புப் பற்றவைத்திருப்பார்களே, அது வேண்டும். மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்கள் விடாமல் கூட நின்றது வேண்டும். ஒரு பெண் இருபது வயதில் சாட்சியாகி, தீர்ப்பு வரும்போது நாற்பதை நெருங்கியிருப்பாள். அந்த வயதை நடித்துக் காட்ட நம்மிடம் நடிகைகள் இருக்கிறார்கள். எழுதத்தான் ஆள் வேண்டும்.

இன்னொரு ஆதங்கம் சுழல். 2022இல் அமேசான் பிரைமில் வந்த தொடர், புஷ்கர்-காயத்ரி எழுதியது. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களோடு ஒரு பெண் காணாமல் போன வழக்கைப் பின்னிய விதம் பிரமாதம். முதல் தடவை விடிய விடியப் பார்த்தேன். ஆனால் திருவிழாவை ஏதோ ஒரு கற்பனை மலையூரில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வேஷம் கட்டிய எல்லோர் உடையும் ஒரே மாதிரி புத்தம் புதிது, எல்லோரும் ஒரே தாளத்துக்கு ஆடுகிறார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் காவேரிப்பட்டணம் வந்து பாருங்கள். காளி வேஷம் கட்டி வருகிறவர் நேற்றுவரை நமக்குச் சாமான் கட்டிக் கொடுத்த கடைக்காரராக இருப்பார். அரிதாரத்துக்கு உள்ளே அந்த முகம் அடையாளம் தெரியும், ஆனாலும் கை தானாகக் கும்பிடும். பிள்ளை வரம் வேண்டி ரோட்டில் படுத்துக் கிடக்கும் பெண்களை அவர் தாண்டிப் போவார். தெரிந்த மனிதர் சாமியாக நிற்கும் அந்தக் கணம்தான் மயானக் கொள்ளை. கேமரா அதைப் பிடிக்கவில்லை. 2025இல் வந்த இரண்டாவது சீசன் அந்த அளவுக்கு என்னை இழுக்கவில்லை. ஒரே கொலையை எட்டுப் பெண்கள் ஒப்புக்கொள்கிற தொடக்கம் மட்டும் நன்றாக இருந்தது.

ஜமா இந்த விஷயத்தில் வேறு ரகம். பாரி இளவழகன் தானே எழுதி, இயக்கி, நடித்திருக்கிறார். இளையராஜா இசை. தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டுகிற கல்யாணம் என்பவருக்கு அர்ச்சுனன் வேஷம் கட்ட ஆசை. அது திருவண்ணாமலைப் பக்கத்துக் கதை, நமக்குப் பக்கத்து வீடு. தியேட்டரில் சில நாள்தான் ஓடியது, பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது. கூத்துக்காரர் மேடையில் ராஜாவாக இருந்துவிட்டு, விடிந்ததும் சம்பளத்துக்கு நிற்பதை அந்தப் படம் தெரிந்து எடுத்திருக்கிறது. ஓடிடியில் கிடைத்தால் தயவுசெய்து பாருங்கள்.

நம்ம பக்கம் கோடையில் ஊர் ஊராக மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் பாரதம் நடக்கிறதே, அதன் கடைசி நாள் படுகளத்தை யாராவது சினிமாவாக யோசித்திருக்கிறார்களா? வயலில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். தலையிலிருந்து கால்வரை நடந்தே போகலாம், அவ்வளவு பெரிய உருவம். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், பின்னாலேயே சனம் ஓடும். பீமன் தொடையில் அடித்ததும் சிவப்பாகத் தண்ணீர் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். அடுத்த நிமிஷம் கூட்டம் முழுக்க அந்த மண்ணை அள்ள முண்டியடிக்கும், வீட்டுக்கு எடுத்துப்போக. இதற்கு எந்த கிராஃபிக்ஸும் தேவையில்லை.

அயலி பற்றி ஒரு வார்த்தை. 2023 குடியரசு தினத்தன்று ஜீ5இல் வந்தது, எட்டு பாகம். வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிடுவார்கள் என்பதால், வயதுக்கு வந்ததையே மறைக்கும் தமிழ்ச்செல்வியின் கதை. கடைசியில் கொஞ்சம் பிரசங்கம் இருக்கிறது, இருக்கட்டும். கதை புதுக்கோட்டைப் பக்கத்தில் 90களில் நடக்கிறது. ஆனால் இன்றைக்கும் நம் மலைக்கிராமங்களில் பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பெண் பிள்ளைகளை எல்லா வாத்தியாருக்கும் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அப்புறம் தருமபுரிக்கும் வந்தது ஏன் என்பது நமக்குத் தெரியாதா? அயலியைப் பள்ளிக்கூடங்களில் திரை கட்டிக் காட்ட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சீரியல் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி கிடையாது. புளி சீசனில் எங்கள் தெருவில் ராத்திரி டிவி முன்னால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். கண் திரையில், கை புளியில். எதிர்நீச்சல் ஓடிய காலத்தில் ஆதி குணசேகரன் வாய் திறந்தாலே ஒரு அத்தை, "எங்க ஊட்டுல இருக்கறதும் இதே மாதிரி ஒண்ணுதான்" என்பார். மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்டுவார்கள். திருச்செல்வம் அந்தத் தலையாட்டலுக்காகத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று இறந்துபோன செய்தி வந்தபோது அந்த வட்டமே கலங்கிப்போனது. வில்லனாக நடித்தவருக்காகப் பெண்கள் அழுததை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் பாகம் சொன்னதையே சொல்லி இழுக்கிறது. சிறகடிக்க ஆசையில் கார் ஓட்டும் முத்துவும் பூக்கட்டும் மீனாவும் தங்கமான பாத்திரங்கள். ரோகிணியின் ரகசியத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியது அவர்களுக்குச் செய்த அநியாயம்.

டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்து நானும் சிரித்தேன், அழுதேன். இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தைத் தெருவே ஏற்றுக்கொள்வது நல்ல கனவு. ஆனால் நம் இரண்டு மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, இன்னும் அகதி என்றே எழுதப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குள்ளும் ஒரு கேமரா போக வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் சொல்லித்தான் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' என்ற கொரியத் தொடரைப் பார்த்தேன். 2025இல் வந்தது, பதினாறு பாகம். ஜேஜு என்ற தீவு, கடலில் மூழ்கி வயிறு கழுவும் அம்மா, சந்தையில் முட்டைக்கோஸ் விற்கும் பையன். அந்தத் தீவை வரைபடத்தில்கூட நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவர்கள் அடுப்படி எனக்குப் பழகிவிட்டது. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் விடிகாலையில் விலை விழும்போது விவசாயிகள் முகம் போகிற போக்கை அப்படி ஒருவர் எடுத்தால் கொரியாக்காரனும் உட்கார்ந்து பார்ப்பான்.

கதைக்கா பஞ்சம்? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு பல்லைக் காவியாக்கிவிட்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சாக்காகச் சொல்லிவிட்டுப் போன வீடுகள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு தலைமுறையின் சிரிப்பே இதில் போயிருக்கிறது, ஒரு படத்தில்கூட நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் கட்டட வேலையிலிருந்து திரும்பும் பஸ், ஓசூர்ப் பக்கம் ஒரே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசும் குடும்பம், எருதுவிடும் விழாவுக்காக வருஷம் முழுக்க மாடு வளர்க்கிற பையன்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

இயக்குநர்கள், உதவி இயக்குநர்கள், குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் பாரதம் நடக்கும் மாதங்களில் வாருங்கள். எந்த ஊரில் எப்போது படுகளம் என்று விசாரித்துச் சொல்கிறேன், கூடவே வருகிறேன். தங்க இடமும் ராகிக் களியும் என் பொறுப்பு. பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை நண்பர்களே, உங்கள் ஊரிலிருந்து எந்தக் கதை படமாக வேண்டும் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து அடுத்த பதிவாகப் போடுகிறேன்.