கொழுப்புக் கட்டி என்று சொன்ன தேதி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அத்தை, தன் வைத்தியக் காகிதங்களை எல்லாம் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் போட்டு பீரோவின் மேல் வைத்திருந்தார். மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டபோது அவர் முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. "கொழுப்புக் கட்டிதாம்மா, பயப்படாதீங்க" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். 11 மாதங்கள் கழித்து, பெங்களூரில் அது மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தப் பையைத் தரையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கியபோதுதான், முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்து உறுதிப்படுத்தும்படி எழுதியிருந்ததைக் கண்டேன். அதை யாரும் அத்தையிடம் சொல்லவே இல்லை.

கீமோ நடக்கும் வீட்டில் வழக்கைப் பற்றிப் பேசுவது பாவம் என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். அந்த மனது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருப்பது பெரும் தவறு என்றே சொல்வேன். மருத்துவ அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்பதென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், அவ்வளவுதான். அறுவை சிகிச்சையின்போது வயிற்றில் துணி விடப்பட்ட ஒரு செவிலியரின் வழக்கில், குறை வெளியே தெரியாத நிலையில் அது தெரியவந்த நாளிலிருந்தும் காலத்தைக் கணக்கிடலாம் என்பதை 2010இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால், 9 ஆண்டுகள் வலியோடு இருந்தும் காரணத்தை ஏன் தேடவில்லை என்று கேட்டு, அந்தப் பெண்ணின் புகாரையே தள்ளிவிட்டது.

தாமதம் ஆனது என்பது மட்டும் வழக்கு ஆகாது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலையில் பயாப்சிக்கு அனுப்பியிருப்பாரா என்பது முதல் கேள்வி. அனுப்பியிருந்தால் நோயாளியின் நிலை மாறியிருக்குமா என்பது இரண்டாவது. பல வழக்குகள் இங்கேதான் விழுகின்றன. அதனால்தான் அன்றைக்குக் கட்டியின் அளவு என்ன, இன்றைக்கு நிலை என்ன என்று காட்டும் காகிதங்கள் உயிர்நாடி. நோயாளியோ அவர் ஒப்புதல் பெற்ற உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பவர்கள் பாதிப் பேர் வைத்தியத்துக்குப் பெங்களூருக்குத்தான் போகிறோம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது; இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. நோயாளி இறந்துவிட்டால் வாரிசுகள் புகார் கொடுக்கலாம்.

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது இந்த ஆணையத்துக்குப் போக முடியாது என்பது 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அங்கே நடந்த தவறுக்கு உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. ஏழைக்கு இது கூடுதல் சுமை என்பது என் வருத்தம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100. மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தனியாகப் புகார் செய்யலாம், அங்கே இழப்பீடு கிடைக்காது. போலீசுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மட்டுமே அது குற்ற வழக்காக நிற்கும் என்று 2005லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அத்தையின் ஸ்கேன் படம் பளபளப்பான தாளில் எடுத்தது, இப்போதே பாதி மங்கிவிட்டது. போன வாரம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வைத்தோம். ஆவணம் கேட்டு எழுதிய கடிதத்தில், நான்காவது கீமோ முடிந்து வந்த மறுநாள், அத்தை கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார்.