முதலில் யார் பணம் போகும் என்று எழுதி வையுங்கள்

மூழ்கும் வங்கியை அரசு கைகொடுத்துத் தூக்கலாமா என்று சண்டை வரும்போதெல்லாம், அது "இந்தக் கடனெல்லாம் யார் ஆட்சியில் கொடுத்தது" என்பதில் போய் நின்றுவிடுகிறது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி விஷயத்திலும் இதேதான். சிக்கலான கடன்கள் 2014க்கு முந்தையவை என்றார் நிர்மலா சீதாராமன். 2014இல் 55,633 கோடியாக இருந்த, வங்கி கொடுத்த கடன் 2019இல் 2,41,499 கோடியானது எப்படி என்று திருப்பிக் கேட்டார் காங்கிரஸின் ப.சிதம்பரம். அவர் இன்னொன்றும் கேட்டார்: மதிப்பே இல்லாமல் போயிருக்கக்கூடிய வங்கியின் ஒரு பங்குக்கு, அதைக் காப்பாற்ற வந்த ஸ்டேட் வங்கி எதற்கு 10 ரூபாய் தர வேண்டும்? பேசியிருக்க வேண்டியது அதைத்தான். இரைச்சலில் அது அமுங்கிப்போனது.

காப்பாற்றியது சரி என்பதே என் நிலை. மார்ச் 5ஆம் தேதி இரவு, 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். 18ஆம் தேதி மாலை தடை நீங்கிவிட்டது. ஸ்டேட் வங்கி போட்ட 6,050 கோடியும் வீண்போகவில்லை. 2025இல் தன் பங்கில் ஒரு பகுதியை மட்டும் ஜப்பானின் சுமிடோமோ மிட்சுய் வங்கிக்கு 8,889 கோடிக்கு விற்றது. மக்கள் பணத்தைக் கொட்டிவிட்டார்கள் என்ற வாதம் இங்கே நிற்காது.

என் கோபம் வேறு இடத்தில். யெஸ் வங்கியில் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பங்கு மிஞ்சியது. முக்கால்வாசியை மூன்று வருஷம் விற்கக்கூடாது, அவ்வளவுதான். ஏடி1 பத்திரம் (கூடுதல் வட்டி தரும், வங்கி நலிந்தால் அசலே போகக்கூடிய கடன் பத்திரம்) வாங்கியவர்களுடைய 8,415 கோடியோ மொத்தமாகத் தள்ளுபடி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தொழிலில் நட்டம் என்றால் முதலில் முதலாளிக்குத்தானே?

எட்டு மாதம் கழித்து லட்சுமி விலாஸ் வங்கி. 1926இல் கரூர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. நவம்பர் 17 தடை, 27 அன்று டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு. டெபாசிட் தப்பியது. ஆனால் பங்கு பூஜ்யம். ஒரே வருஷம், ஒரே ரிசர்வ் வங்கி, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் அதே 45ஆம் பிரிவு. அங்கே மிஞ்சிய பங்கு இங்கே ஏன் மிஞ்சவில்லை?

யெஸ் வங்கிச் செய்தி வந்த வாரம் என் மாமா ஒரு பச்சை ஃபைலோடு வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற பணத்தில் வேறொரு வங்கியின் பத்திரம் வாங்கியிருந்தார். "எஃப்.டி மாதிரிதான் சார், வட்டி மட்டும் கொஞ்சம் கூட" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பொடி எழுத்தில் இருந்ததை நான் வாசித்துக் காட்டினேன்: வங்கி நலிந்தால் அசலை முழுவதுமாகக் கழித்துவிடலாம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை படி" என்றார். நல்லவேளை, அவர் பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நட்டத்தில் முதலில் யார் பணம் போகும் என்ற வரிசையைச் சட்டமாக்க ஒரு வாய்ப்பு இருந்தது. 2017 ஆகஸ்டில், நலியும் வங்கிகளை என்ன செய்வது என்று சொல்லும் எஃப்.ஆர்.டி.ஐ மசோதா மக்களவைக்கு வந்தது. டெபாசிட்டிலும் கைவைக்கலாம் என்ற 'பெயில்-இன்' பிரிவு ஊரையே கலங்கடித்தது. நானும் எதிர்த்தேன், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு பிரிவைத் திருத்தியிருக்கலாம். 2018 ஆகஸ்டில் மசோதாவையே அரசு திரும்பப் பெற்றது. எதிர்த்தவர்களும் வெற்றி என்று வீட்டுக்குப் போய்விட்டோம். அப்புறம்தான் இந்த இரண்டு வங்கிகளும் சரிந்தன, இரண்டுக்கும் அவசரத்தில் ஆளுக்கொரு திட்டம் எழுதினார்கள்.

யார் ஆட்சியில் கொடுத்த கடன் என்பதை விசாரணை அமைப்புகள் பார்க்கட்டும். அந்த மசோதாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். டெபாசிட்டை அதிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, முதலில் பங்குதாரர், அடுத்து பத்திரக்காரர் என்று எழுதுங்கள். இதைத் தடுக்க பா.ஜ.க., காங்கிரஸ் என இரண்டு கட்சிக்கும் என்ன காரணம் இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.