ரெம்பிராண்டின் நாயும் காணாமல் போன கூட்டமும்

பைபிள் படம் என்றாலே நமக்கு நீள அங்கியும் ஒளிவட்டமும்தான். காலண்டரில் பார்த்துப் பழகிய கண். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1633இல் செய்த 'நல்ல சமாரியன்' அச்சோவியத்தைக் (உலோகத் தகட்டில் கோடு கீறி, மை தடவி, தாளில் அச்செடுத்த படம்) கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் என்ற அந்நியன் காப்பாற்றிச் சத்திரத்தில் சேர்ப்பதாக இயேசு சொன்ன கதை அது. அடிபட்டவனைக் குதிரையிலிருந்து இறக்குகிறார்கள். வாசற்படியில் சமாரியன் சத்திரக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். பின்னால் ஒரு பெண் அவள் பாட்டுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள். முன்னால், நம் கண்ணுக்கு நேரே, ஒரு நாய் குந்தி மலம் கழிக்கிறது!

அந்தக் காலத்து ஓவியர்கள் சரித்திரம் தெரியாமல் பைபிள் கதைக்கும் சொந்த ஊரையே வரைந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு ஒப்பவில்லை. ரோமானியத் தலைச்சிலைகள், ஆயுதங்கள் என்று வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்த மனிதர் ரெம்பிராண்ட். முகலாய ஓவியங்களைப் பார்த்து அவர் வரைந்து பழகிய தாள்கள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்று, மரத்தடியில் பெரியவர்கள் நால்வர் அமர்ந்திருப்பது. 1656இல் செய்த அச்சோவியத்தில், பைபிளின் முதுபெரும் தந்தை ஆபிரகாம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அதே பாணியில் தரையில் விரிப்பில் உட்கார வைத்தார். கிழக்கே எப்படி உட்காருவார்கள் என்று தேடிப் பார்த்தவருக்கு, எங்கே தன் ஊரை நுழைக்கிறோம் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

இயேசுவை விசாரித்த ரோமானிய ஆளுநர் பிலாத்து, என்ன தீர்ப்பு சொல்லலாம் என்று கேட்டு அவரைக் கூட்டத்துக்குக் காட்டும் 1655ஆம் ஆண்டு அச்சோவியத்துக்கு வருவோம். பிலாத்து தலைப்பாகை கட்டியிருக்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பதோ நீதி, வலிமை ஆகியவற்றின் சிலைகள் வைத்த ஐரோப்பிய நகர மன்ற முகப்பு. ஆம்ஸ்டர்டாமின் புது நகர மன்றம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். படத்தை வாங்கிய ஊர்க்காரருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

முதலில் மேடைக்குக் கீழே ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பிறகு ரெம்பிராண்ட் அத்தனை பேரையும் தகட்டிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே இரண்டு இருண்ட வளைவுகளை வைத்தார். தகடு தேய்ந்திருக்கும், விற்பனைக்காகப் புதுப்பித்தார் என்பார்கள். நடக்கக்கூடியதுதான். அமிலம் வைக்காமல் ஊசியால் நேரே கீறிய தகட்டில், கீறலோரப் பிசிறு சில டஜன் பிரதிகளிலேயே நசுங்கி, கோடுகள் மங்கிவிடும். ஆனால் தேய்ந்த ஆட்களைத் திரும்பக் கீறியிருக்கலாமே! கூட்டம் போன பிறகு பிலாத்து யாரிடம் கேட்கிறார்? படத்துக்கு முன்னால் நிற்கிற நம்மிடம்தான். தீர்ப்பு கேட்கிற இடத்தில் ஆம்ஸ்டர்டாம்காரனையே கொண்டுபோய் நிறுத்திவிட்டார் என்பது என் வாசிப்பு.

கூட்டம் உள்ள பிரதியும் இல்லாத பிரதியும் பெரிய அருங்காட்சியகத் தளங்களில் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த வளைவுகளுக்கு வேறு காரணம் தோன்றினால் கமெண்டில் சண்டைக்கு வாங்க.