பெட்டியிலிருந்து எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் மாலை போடுங்கள்

ஜார்ஜிய தேவாலய இசை பற்றி யார் எழுதினாலும், மண்ணுக்கடியில் ஒளித்துக் காப்பாற்றிய சுவடிகளின் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல கதைதான், மறுக்கவில்லை. துறவி, புதைத்த பெட்டி, துரத்தும் போல்ஷெவிக்குகள், எல்லாமே அதில் உண்டு. ஆனால் ஒளித்து வைத்தால் மட்டும் பாட்டு பிழைத்துவிடுமா? அந்தச் சுவடிகளைத் திறந்து, வாசித்து, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் நின்று பாடிக் காட்டியவர்களுக்கு அந்தக் கட்டுரைகளில் கடைசிப் பத்திகூடக் கிடைப்பதில்லை. அந்த வரிசையில் என் கணக்கில் முதல் பெயர் மல்காஸ் எர்க்வனித்ஸே. பாடகர் குழுத் தலைவர், ஆய்வாளர், பதிப்பாளர் மூன்றும் அவர் ஒருவரே.

(ஜார்ஜியா என்றதும் அட்லாண்டா இருக்கும் அமெரிக்க மாநிலம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறார்களே, திபிலிசி, அந்த நாடு.)

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1801இல் ரஷ்யப் பேரரசு கிழக்கு ஜார்ஜியாவை விழுங்கியது. 1811இல் ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சியும் போனது. வழிபாட்டில் ரஷ்யத் திருச்சபையின் ஸ்லாவோனிய மொழியும் ரஷ்யப் பாணிக் கூட்டுப் பாடலும் நுழைந்தன. ஜார்ஜியர்களின் பாட்டு மூன்று குரல்களுக்கானது. மேலே ம்த்க்மேலி, நடுவில் மொட்ஸாகிலி, அடியில் பானி. மூன்றும் வாய்வழியாகவே வந்தவை. பத்தாம் நூற்றாண்டுச் சுவடிகளில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் சின்னச் சின்னக் குறிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பாட இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஆக, பாடத் தெரிந்த ஆசான்கள் போய்விட்டால் பாட்டும் போய்விடும் என்பதே நிலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை உணர்ந்தவர்கள் சிலர். அதில் ஃபிலிமோன் கொரித்ஸே எனக்கு மிகப் பிடித்தமானவர். இத்தாலிக்குப் போய் ஓபரா பயின்று, மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கு வரை பாடிய கனத்த குரல்காரர். அந்த வாழ்வை விட்டுவிட்டு மேற்கு ஜார்ஜியாவுக்குத் திரும்பி, வயதான ஆசான்களை உட்காரவைத்து, அவர்கள் பாடப் பாட ஐந்து கோட்டு ஐரோப்பிய இசைக்குறி முறையில் எழுதினார். கிழக்கில் கர்பெலாஷ்விலி சகோதரர்கள் அதே வேலையைச் செய்தார்கள். எழுதியவற்றைத் திரட்டிப் படியெடுத்துப் பாதுகாத்தவர் துறவி எக்வ்திமே கெரெசெலித்ஸே. புதைத்த பெட்டிக் கதை இவருடையதுதான். கெலாத்தி மடத்திலிருந்து ம்ட்ஸ்கேத்தா, அங்கிருந்து ஸெதஸேனி மலை என்று சுவடிகளோடு அலைந்து, கடைசியில் 1930களில் அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். 1944இல் இறந்தார். திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்திருக்கிறது. தகும்.

அதற்குப் பிறகு? சோவியத் காலம் முழுக்க அந்தத் தொகுதிகள் அலமாரியில் கிடந்தன. கடவுள் பெயரை நேரடியாகச் சொல்லாத ‘ஷென் ஹர் வெனாஹி’ மாதிரி ஒன்றிரண்டு பாடல்கள் மேடையில் தப்பிப் பிழைத்தன. மற்றபடி மேடை என்றாலே பெரிய ஆண்கள் குழு, அளந்து வெட்டிய சுருதி, பளபளப்பு. 1968இல் அன்ஸோர் எர்கோமைஷ்விலி தொடங்கிய ருஸ்தாவி குழுவைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. உலகத்துக்கு ஜார்ஜியப் பாட்டை அறிமுகப்படுத்தியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் அது அரங்கத்துக்கான பாட்டு. வழிபாட்டில் நிற்பவருக்கு அது வேறு.

1980களின் இறுதியில், சோவியத் பிடி தளர்ந்துகொண்டிருந்தபோது, எர்க்வனித்ஸேயும் இளைஞர்கள் சிலரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். திபிலிசியின் மிகப் பழைய கோயிலான, ஆறாம் நூற்றாண்டு அஞ்சிஸ்கத்தியின் பெயரில் அது அறியப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை எளிமையாகத் தோன்றும்: சுவடியை எடு, படி, பாடு. அலமாரியைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

ஏராளமான பாடல்களுக்கு மேல்குரல் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். ஆசான்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மேல்குரல் கையில் இருந்தால், பயிற்சி பெற்ற பாடகர் மற்ற இரண்டையும் தானே இட்டுக்கொள்வார். அந்தக் காலத்தில் அது நியாயமான கணக்கு. ஆனால் நூறு ஆண்டு கழித்து அந்தப் பயிற்சி பெற்ற பாடகர் எங்கே? நடுக்குரலும் அடிக்குரலும் எங்கே சேரும், எங்கே உரசும், வாக்கிய முடிவில் மூன்றும் எப்படி ஒரே சுரத்தில் வந்து நிற்கும் என்பதையெல்லாம் முழுமையாக எழுதப்பட்ட பாடல்களிலிருந்து கற்று, மற்றவற்றுக்குப் பொருத்த வேண்டும். மேசையில் உட்கார்ந்து மட்டும் செய்ய முடியாத வேலை இது. மூன்று பேர் நின்று பாடிப் பார்த்தால்தான் பொய்யாகப் பொருத்தியது காதில் குத்தும். எர்க்வனித்ஸே தொகுதி தொகுதியாகப் பதிப்பித்த பாடல்களை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். அவை தொண்டை வழியாகப் போய் வந்த பதிப்புகள்.

சுருதிச் சிக்கல் இதைவிடப் பெரியது. என் கருத்தில் அவருடைய வாழ்நாள் வேலையின் மையமே அதுதான். ஐந்து கோட்டில் எழுதினால் பியானோவில் உள்ள சுரங்களைத்தான் எழுத முடியும். ஜார்ஜிய ஆசான்கள் பாடியது அந்தச் சுரங்கள் அல்ல. ஸ–ப இடைவெளி சுத்தமாக நிற்கும். காந்தாரமோ (மூன்றாவது சுரம்), நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ போய் உட்காரும். கொரித்ஸேயின் கையெழுத்து பாட்டைக் காப்பாற்றியது, அதே கையெழுத்து அதன் சுருதியைத் தொலைத்தது. சுவடியை அப்படியே பார்த்துப் பாடுகிறவர், ரஷ்யப் பாணியை விரட்டிவிட்டோம் என்ற நினைப்பில் ஐரோப்பியப் பியானோ சுருதியைக் கோயிலுக்குள் கூட்டி வருகிறார்.

தொலைந்ததை எங்கே தேடுவது? ஒரு கிழவரின் குரலில். மேற்கு ஜார்ஜியாவின் குரியா பகுதியைச் சேர்ந்த அர்த்தெம் எர்கோமைஷ்விலி, ருஸ்தாவி அன்ஸோரின் தாத்தா, பழைய முறையில் பயின்ற ஆசான்களில் கடைசியாக எஞ்சியவர். 1966இல் திபிலிசி கன்சர்வேட்டரியில் அவரைப் பதிவு செய்தார்கள். கூடப் பாட ஆளில்லை, தோழர்கள் போய்விட்டார்கள். ஆகவே முதலில் மேல்குரலைத் தனியாகப் பாடினார். அதை ஓடவிட்டு அதன்மேல் நடுக்குரல். இரண்டையும் ஓடவிட்டு அடிக்குரல். 100க்கும் மேற்பட்ட பாடல்கள், இப்படி ஒரே மனிதர் தனக்குத்தானே துணையாக. அடுத்த ஆண்டு இறந்துபோனார். சோவியத் அரசின் இசைக் கல்லூரிக்குள் இத்தனை தேவாலயப் பாடல்களைப் பதிவு செய்தவர்களின் துணிச்சலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எர்க்வனித்ஸே இந்த மாதிரிப் பழைய பதிவுகளில் பழகிய காதோடு சுவடிகளைத் திரும்பப் படித்தார். ஜார்ஜியச் சுர அமைப்பு என்று தனியாக ஒன்று உண்டு, அது பியானோவுக்கு அடங்காது என்று வாதிட்டார். எழுதியதோடு விடவில்லை, அந்தச் சுருதியிலேயே தன் குழுவைப் பாடவைத்தார். பின்னாளில் அவர் நடத்திய சகியோபா குழுவிலும் அதே பிடிவாதம். பழகாத காதுக்கு முதலில் அபஸ்வரம் போலத்தான் கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஒரு வாரம் விடாமல் கேட்டபிறகு, மற்ற குழுக்களின் பாட்டு சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபி மாதிரி ஆகிவிட்டது.

அவரிடம் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வாய்வழி மரபுக்கு ஒரே சுருதி அட்டவணை போட முடியுமா? அர்த்தெமின் பதிவுகளை ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஆய்வாளர்கள் கணினியில் இட்டு அளந்திருக்கிறார்கள். உயிருள்ள குரல் நகரும், பாட்டின் போக்கில் சுருதியே மெல்ல மேலே ஏறும். அப்படியிருக்க, “இதுதான் அசல் அளவு” என்று கோடு கிழித்தால், கொரித்ஸேயின் ஐந்து கோட்டுக்குப் பதில் இன்னொரு கூண்டு செய்கிற ஆபத்து இருக்கிறது. மேலும் அர்த்தெம் மேற்கின் ஒரு பாட்டு மரபைச் சேர்ந்தவர். கிழக்கின் கர்பெலாஷ்விலி மரபுக்கு அவர் குரலை அளவுகோலாக வைப்பது எவ்வளவு தூரம் சரி? இந்தக் கேள்விகளுக்கு எர்க்வனித்ஸேயின் எழுத்தைவிட அவர் குழுவின் பாட்டே எனக்கு நல்ல பதிலாகப் படுகிறது. கோட்பாட்டில் விறைப்பாகத் தெரிவது பாடும்போது இளகிவிடுகிறது.

“அவர் வெறும் பாடகர் குழுத் தலைவர், ஆய்வு வேறு” என்று பிரித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. பாடாத ஆய்வாளரிடம் விட்டிருந்தால் மேல்குரல் மட்டும் உள்ள சுவடிகளுக்கு அழகான பட்டியல் கிடைத்திருக்கும். படிக்காத பாடகரிடம் விட்டிருந்தால் பியானோ சுருதியில் இனிமையான சி.டி. கிடைத்திருக்கும்.

கேட்க விரும்புகிறவர்கள் அஞ்சிஸ்கத்தியில் தொடங்க வேண்டாம் என்பேன். முதலில் 1966 பதிவுகளைக் கேளுங்கள், இணையத்தில் கிடைக்கின்றன. குரல் நடுங்கும், ஒலித்தரம் சுமார்தான். அதில் அரை மணி நேரம் காதைப் பழக்கிக்கொண்டு பிறகு எர்க்வனித்ஸேயின் குழுக்களுக்கு வாருங்கள். கடைசியாக வேண்டுமானால் ருஸ்தாவி. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கேட்டுவிட்டு “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு” என்று கமெண்டில் வந்து சொல்பவர்களுக்குப் பதில் எழுதுவதாக இல்லை.