நம் மலையை நம் பிள்ளைகள் பார்க்கட்டும்

மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் ஆனைமுடியைப் பற்றிக் கேட்டால், தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம், உயரம் 2,695 மீட்டர் என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி தயங்காமல் ஒப்பிக்கிறார்கள். அந்தச் சிகரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய இராஜமலைக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வருகிறது. கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் தேடி வரும் இடங்களை, அவற்றின் காலடியிலேயே குடியிருக்கும் பிள்ளைகள் பார்க்காமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். இந்த நிலை மாற வேண்டும். அதற்காக அரசையோ கம்பெனியையோ எதிர்பார்த்து உட்கார்ந்திராமல், குடும்பம் குடும்பமாக நாமே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

நாம் ஏன் போவதில்லை என்பதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். வெளியூர்க் கார்கள் மூணாறு சாலைகளை அடைத்துக்கொள்ளும் நாளும் அதுவேதான். வாரம் முழுதும் கொழுந்து எடுத்த பெண்களுக்கு அன்றைக்கும் துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கடைக்குப் போய்வரவும் நேரம் சரியாக இருக்கிறது. ஜீப் வாடகை நம் கைக்கு எட்டுவதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, மலை சுற்றிப் பார்ப்பது பணம் உள்ளவர்கள் செய்யும் காரியம், நமக்கு மலை என்றால் வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. முதலில் சொன்னவற்றை விட இந்த எண்ணம்தான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது, ஏனெனில் பிள்ளைகள் அதைச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாம் குடியிருக்கும் லயம், அதாவது தோட்டக் கம்பெனி தந்த வரிசை வீடு, வேலையோடு சேர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்றால், சாவியைக் கொடுத்துவிட்டுத் தென்காசிக்கோ இராஜபாளையத்துக்கோ தேனிக்கோ இறங்கிவிட வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாக இங்கே உழைத்த குடும்பங்களும் இப்படித்தான் போயிருக்கின்றன. தாத்தா பாட்டி இங்கே இருக்கும்போதே பேரப்பிள்ளைகளோடு அந்த இடங்களுக்குப் போய்விட வேண்டும். அவர்கள் கீழே இறங்கிய பிறகு, எது எங்கே இருந்தது என்று கைகாட்டிச் சொல்ல ஆள் இருக்காது.

முதலில் போக வேண்டிய இடம் என்று நான் சொல்வது டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகச் சுமார் 32 கிலோமீட்டர். கோவிலூர், வட்டவடைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் இறங்கிக்கொள்ளலாம். அங்கே வரும் பயணிகள் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க வேறு இருக்கிறது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்த வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சின் ஓடும் ரயிலாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை, மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து வந்து சேர்ந்த மேல் நிலையம் அது. அங்கிருந்து பெட்டிகள் ரோப்வே கம்பியில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்குப் போய், கடைசியில் தூத்துக்குடியில் கப்பல் ஏறின. 1924 ஜூலையில் கொட்டிய பெருமழையில், மலையாளிகள் தங்கள் கொல்லம் ஆண்டு 1099-ஐக் கொண்டு இன்றும் 99-ஆம் ஆண்டு வெள்ளம் என்று நினைவுகூரும் அந்த வெள்ளத்தில், ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு அது மீண்டும் போடப்படவே இல்லை.

டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்று பார்த்தால் நேர் கீழே கொட்டகுடி, குரங்கணிப் பக்கத்துக் காடு, அதற்கப்பால் வெயிலில் வெளுத்துத் தெரியும் போடிச் சமவெளி. என் தகப்பனார் என் மகளை அங்கே நிறுத்தி, "அந்தா தெரியுதுல்ல தாயி, அந்தச் சரிவு வழியாத்தான் என் தாத்தா தலையில மூட்டையோட ஏறி வந்தாரு" என்று காட்டினார். அவள் சற்று நேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பு போட்டிருந்தாரா என்று கேட்டாள். அவர் இல்லை என்றார். கங்காணிகள் ஆள் சேர்த்துக் கூட்டி வந்த காலத்தைப் பற்றி அவளுக்கு எத்தனை முறை வீட்டில் சொன்னாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

திரும்பும் வழியில் மூணாறு நகரத்திலேயே ஒரு மணி நேரம் நடக்கலாம், செலவே கிடையாது. தேயிலைக் கம்பெனியின் வட்டார அலுவலகமாக இருக்கும் கட்டடம் அன்றைய ரயில் நிலையம். குன்றின் மேல் 1910-இல் கட்டப்பட்ட கல் தேவாலயம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து நம் பெண்கள் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்த சாலையும் அங்கேதான் இருக்கிறது. அன்று உட்கார்ந்தவர்களில் ஒருவர் பிள்ளையின் அம்மாவாகவோ அத்தையாகவோ இருந்தால், அவரே காட்டிச் சொல்லட்டும்.

அடுத்தது இராஜமலை. அது அமைந்திருக்கும், 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. உலகத்தில் வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு. அதிலும் கூட்டமாக அதிகம் வாழ்வது இங்கே. நுழைவாயிலிலிருந்து வனத்துறைப் பேருந்தில் மேலே ஏறி இறங்கினால், அவை சாலையோரப் பாறையிலேயே நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கும். வயதான கிடாவின் முதுகில் வெள்ளி நிறத்தில் ஒரு திட்டு இருக்கும்; அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் அதன் பிறகு கைப்பேசியைக் கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். பூ இல்லாத ஆண்டில் அந்தச் செடியை அடையாளம் காட்டி வைத்தால், பூக்கும்போது தானாகவே அதைத் தேடிப் போகும் வயது அவர்களுக்கு வந்திருக்கும்.

அதே இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, தூங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறில் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்கள். வரையாட்டைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் விவரமெல்லாம் வேண்டாம். நம்மைப் போன்ற குடும்பங்கள் அங்கே இருந்தன என்று சொன்னால் போதும். பெருமழைக் காலத்தில் சரிவான இடங்களுக்கு ஏன் போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது மறையூர் பாதை. உடுமலைப்பேட்டை பேருந்தில் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நாற்பது கிலோமீட்டருக்குள் காற்றே மாறிவிடுகிறது. மூணாறில் ஸ்வெட்டரோடு ஏறிய பிள்ளை மறையூரில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை உயர்ந்த மலைகள் மூணாறுப் பக்கமே பிடித்துக்கொள்வதால், அவற்றுக்குக் கிழக்கே உள்ள சின்னாறு வரை மழைமறைவுப் பகுதி. அங்கே கள்ளியும் முள்மரமும்தான் மிகுதி. மூணாறில் ஓடும் முதிரப்புழை பெரியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. மறையூரில் ஓடும் பாம்பாறோ கிழக்கே திரும்பி அமராவதியாகி, கரூருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்ந்து வங்கக்கடலுக்குப் போகிறது. காலையில் ஓர் ஆற்றையும் மதியம் மற்றொன்றையும் காட்டி, இரண்டும் இரண்டு கடலுக்குப் போகின்றன என்று சொன்னால், புவியியல் பாடத்தில் நீர்ப்பிரிவு பற்றிப் படிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

மறையூரில் சாலையின் ஓரமாகவே கம்பி வேலிக்குள் சந்தனக் காடு இருக்கிறது. சந்தன மரம் பக்கத்து மரத்தின் வேரிலிருந்து நீரையும் சத்தையும் வாங்கி வளர்வது என்பதைச் சொல்லுங்கள். கோவில்கடவுப் பக்கத்துப் பாறையில் முனியறைகள் இருக்கின்றன: பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டு மூடிய பெருங்கற்கால அமைப்புகள். அவற்றின் மேல் ஏறக் கூடாது, பெயர் கிறுக்கக் கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு ஏதேனும் ஒரு கரும்பாலைக் கொட்டகை. கேட்டுவிட்டு உள்ளே போனால் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கும். மேலே திரளும் அழுக்கு நுரையை ஒருவர் ஓயாமல் வழித்துக்கொண்டே இருப்பார். அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கையே எரிபொருள். குமிழிகள் பெருத்து மெதுவாக வெடிக்கத் தொடங்கியதும் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். பாகைத் தொட்டியில் ஊற்றிக் கிளறி ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்கிறார்கள். விரல் அழுந்திய தடம் அப்படியே உருண்டையில் நிற்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இதுதான். சூடான உருண்டையைக் கையில் வாங்கும் பிள்ளை, அதைப் பிடித்தவருடைய உள்ளங்கையையும் பார்க்கட்டும். கொழுந்து எடுத்துக் கறுத்த தன் அம்மாவின் விரல்களை அது நினைக்காமல் இருக்காது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு நாள் சரிவில் நின்று கூடை சுமந்த பெண்ணை ஏழாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிக் கட்டுச்சோறு கட்டச் சொன்னால், அது அவளுக்குச் சுற்றுலா ஆகாது. சனிக்கிழமை இரவே புளிக்காய்ச்சல் காய்ச்சி வைப்பதும், காலையில் சோறு வடித்துக் கிளறுவதும், உருளைக்கிழங்கு வறுப்பதும் ஆண்கள் செய்யக்கூடிய வேலைகள், செய்ய வேண்டும். சாப்பிட்ட இடத்தில் பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட விழக் கூடாது. மாட்டுப்பட்டிப் புல்வெளியில் யானை நின்றால் எட்ட நின்று பார்ப்பதோடு சரி. அருகே போவதும் கூச்சல் போடுவதும் வேண்டாம் என்று மற்றவர்களை விட நமக்கு நன்றாகவே தெரியும். அருவியிலும் அணைக்கட்டு நீரிலும் பிள்ளைகளை இறக்கவே கூடாது. மழைக்காலமென்றால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு பையில் இருக்கட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலா என்றால் கொச்சிக்கும் கன்னியாகுமரிக்கும் பேருந்து பிடிக்கிறீர்கள்; அதில் தவறில்லை, கடலையும் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் லயத்திலேயே நின்றுவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நாலாம் வகுப்புக்கு டாப் ஸ்டேஷன், ஆறாம் வகுப்புக்கு மறையூர் என்று ஒரு நாள் பயணத்தை வைத்தால் அவர்களும் வரலாம். வனத்துறை நம் தோட்டப் பள்ளிகளுக்கென்று ஆண்டுக்கு ஒரு நாளாவது இராஜமலையை ஒதுக்கித் தந்தால் இன்னும் நல்லது. இதை எழுத்து மூலமாகக் கேட்கப் பெற்றோர் சங்கங்கள் முன்வர வேண்டும். கோயில் கமிட்டிகளும் சர்ச் இளைஞர் குழுக்களும் திருவிழாவுக்கு வேன் பிடிப்பதைப் போல இதற்கும் ஒரு வேன் பிடிக்கலாம். செலவைப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை வராது.

வரையாடுகள் குட்டி போடும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி தொடங்கி மார்ச் வரை, இராஜமலையை மூடிவிடுவார்கள். ஆகவே இராஜமலைக்குப் போக நினைக்கும் குடும்பங்கள் ஜனவரிக்குள் போய்விட வேண்டும். கார்கள் வந்து குவிவதற்கு முன், காலை முதல் பேருந்திலேயே ஏறும்படி கிளம்பினால் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. தோட்டத்தின் எந்த டிவிஷனிலிருந்தாவது (பிரிவிலிருந்தாவது) நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உடன் வருகிறேன்.