இரண்டு காலாண்டுக் கணக்கும் சனிக்கிழமைச் சம்பளமும்

நாட்டில் பொருளாதார மந்தநிலை இருக்கிறதா என்ற நேற்றைய டிவி விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் பேச ஒரு சிறு பட்டறை அம்மாவை அழைத்திருந்தார்கள். "ஆர்டர் இல்லை, வாரத்தில் பாதி நாள்தான் வேலை" என்று அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள், "தொடர்ந்து இரண்டு காலாண்டு ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, குறைந்தால்தான் மந்தநிலை, இப்போது அப்படி எதுவும் இல்லை" என்று பேச்சை வெட்டினாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் சொல்கிறேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இந்த இரண்டு காலாண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் ஆணையராக இருந்த ஜூலியஸ் ஷிஸ்கின் 1974இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையிலிருந்து. மந்தநிலையை அடையாளம் காண அவர் சொன்ன பல அளவுகோல்களில் இது ஒன்று. வேலையின்மை எவ்வளவு ஏறியது, எத்தனை தொழில்களில் ஆட்கள் குறைந்தார்கள் என்பதும் அதே பட்டியலில் இருந்தன. வேலை இழந்தவர்களை எண்ணும் பகுதி உதிர்ந்துபோய், இது மட்டும் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவிலேயே இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. என்பிஇஆர் என்ற ஆய்வு நிறுவனத்தின் குழுதான் அறிவிக்கிறது. 2007 டிசம்பரில் மந்தநிலை தொடங்கிவிட்டது என்று அந்தக் குழு சொன்னது 2008 டிசம்பரில். ஓராண்டு கழித்து! அதுவரை வேலை போனவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா?

2008 எனக்கு மறக்காது. திருப்பூரில் அப்பா சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட், அதாவது பெரிய கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் பட்டறை, வைத்திருந்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனை படுத்தது, எங்களுக்குத் துணி கொடுத்துவந்த கம்பெனி நிறுத்திக்கொண்டது. பழைய பாக்கியும் வரவில்லை. சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்க அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்புறம் ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த ஆண்டும் இந்தியாவின் ஜிடிபி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு காலாண்டு இலக்கணத்தில் என் அப்பாவுக்கு இடமே இல்லை.

"வரையறை வேண்டாமா, அழுகையை வைத்தா பொருளாதாரம் பேசுவது?" என்று கேட்பீர்கள். வேண்டும். 2020 ஏப்ரல்-ஜூனில் நம் ஜிடிபி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறக்குறைய 24 சதவீதம் விழுந்து, அடுத்த காலாண்டிலும் அதேபோல முந்தைய ஆண்டைவிடக் குறைந்தபோது இந்த அளவுகோல் உதவியது, சரி. அதை வைத்து ஒருவர் வாயை அடைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். "நீ அரசியல் பேசுகிறாய்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அடகுக்கடையில் யாரும் எங்களிடம் கட்சி கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் காலாண்டு ஜிடிபியில் சிறு பட்டறைகளை நீண்ட காலமாக நேரடியாகக் கணக்கெடுக்கவில்லை. பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் எண்களை வைத்து அனுமானித்துவந்தார்கள். அந்த அம்மா சொல்ல வந்தது காலாண்டு அறிக்கையில் எளிதில் தெரியாத தகவல். அதைக் கேட்கத்தானே அவரை அழைத்தார்கள்? முழுசாகப் பேச விட்டிருக்கலாம்.